வெந்நீர் மெஷினுக்கும் ஒரு பொட்டு

எழுதிப் பழக்கமில்லாத கை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்ததோடு சரி. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல பெயர்கள் மறந்துவிட்டன. மெஷின் மட்டும் மறக்கவில்லை.

உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்கள். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் கடலோரமாக ஒரு துரைசாணி வாடகைக்கு அறை விடும் பங்களா நடத்தினாள். அங்கே எனக்குக் குளியலறை வேலை. சமையல்கட்டுக்கும் ஆட்களுக்கும் பெரியவர் பட்லர் மைதீன் நானா. ஆறுமுகம் அண்ணன் சமையல்கட்டில் வெந்நீர் போட்டு மாடிக்குச் சுமப்பவர்.

நான் சேர்ந்த சமயம்தான் மாடிக் குளியலறைக்குக் காஸில் எரியும் கீசர் வந்தது. ஆள் உயரத்துக்குச் செம்பு உருளை. அண்ணன் அதைத் 'தடியன்' என்றுதான் சொல்வார்.

"தடியன் வந்தான், என் தோளுக்கு லீவு. இனி வயித்துக்கும் லீவு குடுத்துருவான் பாரு தங்கச்சி."

பற்றவைக்கும் முறை

காஸ் கொல்லைப்புறக் கொட்டகையிலிருந்து குழாயில் வரும். அங்கே ஒரு மெஷின் பெட்ரோல் ஆவியைக் காற்றோடு கலக்கும். அதை ஓட்டுவது கம்பிக் கயிற்றில் தொங்கும் ஓர் இரும்புக் குண்டு. கைப்பிடியைச் சுற்றிக் குண்டை மேலே ஏற்ற வேண்டும். அது இறங்க இறங்கக் காஸ் வரும். தரைக்கு வந்துவிட்டால் காஸ் நின்றுவிடும்.

கீசருக்கு ஒழுங்கு உண்டு. ஜன்னலைத் திற. தண்ணீரைத் திறந்து ஓட்டம் பார். பைலட் என்கிற சின்னக் குழாயை வெளியே இழு. தீக்குச்சியைக் கிழி. அதன் பிறகுதான் காஸைத் திருப்பு. பைலட் பற்றினதும் அதை உள்ளே தள்ளினால் பெரிய அடுப்பு பிடிக்கும். நம் வீட்டு அடுப்பில் விறகை அடுக்கிவிட்டு நெருப்பு தேடுவோம். முதல் நாள் நானும் அப்படித்தான் காஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடினேன். டப்பென்று வெடித்ததில் புருவ முடி கருகியது.

"சமைக்கலாம்னு பார்த்தியா, உன்னையேவா?" என்றார் மைதீன் நானா.

பற்றாத நாள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் கீசர் பற்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஓர் அம்மா மேலே குளிக்கக் காத்திருந்தாள். துரைசாணி மாடிப்படியில் நின்று, யார் கெடுத்தது என்று மலாயில் சத்தம் போட்டாள்.

மைதீன் நானா ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தார். "நேத்து குளியலறைக்குள்ள நீதானே போனே? பார்த்தேன் லா."

"போனேன்."

"மெஷினைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முறுக்கிக்கொண்டு நின்றார். தடியன் செத்தால் பழையபடி வாளி சுமக்கலாம் என்று கெடுத்துவிட்டார் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. எனக்கும்தான். அந்த அம்மா குளிப்பதற்குள் மெஷின் சரியாகாவிட்டால் ஆறுமுகம் மூட்டை கட்டட்டும் என்றாள் துரைசாணி. அவருக்குப் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும்.

"நான் பார்க்கிறேன் நானா" என்றேன்.

தண்ணீர் நன்றாக ஓடியது. கொட்டகைக்கு ஓடினேன். பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது என்று யாரும் சுற்றாததால் குண்டு தரையில் கிடந்தது. இதுதான் என்று சந்தோஷப்பட்டுச் சுற்றி ஏற்றினேன். குழாயில் காற்று ஏறியிருக்கும் என்று சமையல்கட்டில் இதே காஸில் எரியும் வளைய அடுப்பை முதலில் பற்றவைத்துப் பார்த்தேன். சீறிச் சீறி அப்புறம் நீலமாக எரிந்தது. காஸ் வருகிறது. மாடிக்கு வந்து பைலட்டில் குச்சியைக் காட்டினேன். விரல் சுட்டதுதான் மிச்சம்.

அங்கே எரிகிறது, இங்கே எரியவில்லை. அப்படியானால் கோளாறு இந்தக் குழாயின் வாயில்தான். காஸை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஊசிமுனை அளவு துவாரம். அதில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

"நானா, சந்தனம்."

மைதீன் நானா என் விரலை முகர்ந்து பார்த்தார். திரும்பி, "ஏய், மெஷினுக்கா பொட்டு வச்சே? தினமும் அதைத் திட்டுறவன் நீதானே?" என்றார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "திட்டினா என்ன நானா? அதுவும் நம்மகூட வேலை செய்யிறவன்தானே. அருவாளுக்கு வச்சேன், அம்மிக்கு வச்சேன். இவனை மட்டும் விட்டா மரியாதையா? அடுப்பு வாயில வைக்கிற மாதிரி நெருப்பு வாயில வச்சேன். காலையில துரைசாணி பார்த்தா ஏசும்னு துடைச்சுட்டேன்."

துடைத்தபோதுதான் சந்தனம் துவாரத்துக்குள் போயிருக்கிறது.

வெந்நீரில் துணியை நனைத்துத் துவாரத்தின் மேல் வைத்து ஊறவிட்டேன். மைதீன் நானா ஊசி எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். ஊசி துவாரத்தைப் பெரிதாக்கிவிடும், சுடர் மஞ்சளாகிப் புகையும். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கு உருவி மெதுவாக விட்டு எடுத்தேன். துடைத்துக் காயவிட்டுக் குச்சி கிழித்தேன். பைலட் பிடித்தது. உள்ளே தள்ளினதும் தடியன் புஸ்ஸென்று உறுமினான்.

துரைசாணியிடம் மைதீன் நானா, "கோத்தோர், மேம், கோத்தோர்" என்றார். அழுக்கு அடைத்துவிட்டதாம். சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணன் அந்த வேலையிலேயே இருந்தார்.

அடுத்த பூஜைக்கு அவர் என்னைத்தான் கூப்பிட்டார். "எங்க வைக்கட்டும், நீயே காட்டு." பைலட் வாயில் வாழை இலைத் துண்டைச் சுற்றிவிட்டு, செம்பு வயிற்றின் நடுவில் விரல் வைத்துக் காட்டினேன். பெரிய பொட்டாகவே வைத்தார்.

நான் கற்றது இவ்வளவுதான். நேற்று ஓடின மெஷின் இன்று ஓடாவிட்டால், யார் கெடுத்தது என்று கேட்காதீர்கள். நேற்று அதற்கு என்ன செய்தோம் என்று கேளுங்கள்.

இப்போது வரும் கீசர்கள் வேறு மாதிரி என்கிறார்கள். குண்டு, குழாய் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். வேலை தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தினால் நல்லது. சந்தனத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் முகர்ந்து பார்த்தேன்.