பெரணிக்கு ஊற்றிய தண்ணீர்

“வெள்ளி, பகல் 12.10. பெரணிக்கு ஒரு மக் தண்ணீர்” என்று அந்த ஆகஸ்ட் மாத நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அமீரகத்தின் அல் ஐனில் எங்கள் அறையில் மூன்று பேர்: கொடைக்கானல்காரர், தூத்துக்குடிக்காரர், நான். கொடைக்கானல்காரர் லீவு முடிந்து வந்தபோது, பைன் காட்டின் ஈர நிழலில் மட்டுமே முளைக்கும் அரிய பெரணி என்று சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து குளியலறை மூலையில் வளர்த்தார். அவர் டூட்டிக்குப் போகும் நாட்களில் தண்ணீர் ஊற்றுவது நான்.

கோடையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கொதிக்கும். அதனால் ஹீட்டரை அணைத்து, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரைத்தான் எடுப்போம். அன்று மறதியில் மாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் குழாயைத் திறந்துவிட்டேன். மாலைக்குள் இலைகள் வெந்து கறுத்தன.

டூட்டி முடிந்து வந்த கொடைக்கானல்காரர் பெரணித் தொட்டியையே பார்த்து நின்றார். தூத்துக்குடிக்காரர் வழக்கம்போலக் கிண்டலாகக் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, உங்க புல்லுக்கு விசா முடிஞ்சிட்டா?”

“நீதானடா வேக வெச்ச!” என்று கத்தினார் கொடைக்கானல்காரர்.

இரும்பு வாளி தூத்துக்குடிக்காரரின் இடது காதில் இறங்கியது. “சத்தியமா நானில்ல அண்ணாச்சி” என்று அலறியவரை மறுபடியும், மறுபடியும் அடித்தார். டைல்ஸில் வழிந்த ரத்தத்தில் கால் வழுக்கியது. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன், உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம், இடது காது கேட்காமலேயே, தூத்துக்குடிக்காரர் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். அந்தக் காது திரும்பக் கேட்டதா என்பதை இதுவரை நான் உறுதிசெய்யவில்லை.