சாவை நிறுத்தி வைத்த ஆட்டம்

அன்று கணினி மையத்தில் இருந்தவர்கள்: கம்ப்யூட்டர் சொல்லித்தரும் மாஸ்டர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், மேலப்பாளையத்து பாய், நான். மாஸ்டரின் தம்பி இல்லை. திருச்செந்தூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. முந்தின நாள்தான் எரித்திருந்தோம். ஆனால் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அவன் இருந்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வண்ணார்பேட்டையில் ஒரு மாடி. ஜெனரேட்டர் போடுவதும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. அங்கிருந்த கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து மாஸ்டர் ஓர் ஆட்டம் எழுதியிருந்தார். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். 'வடக்கே போ' என்றால் ஆள் வடக்கே போவான். 'சாப்பிடு' என்றால் பசி இறங்கும். ஆடியவர் வீட்டுக்குப் போனாலும் அவருடைய ஆள் உள்ளேயே நிற்பான், பசி ஏறிக்கொண்டே இருக்கும். முற்றினால் சாவு. பெயர் அழிந்துவிடும். பாயின் ஆள் அப்படிச் செத்தபோது அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். "செத்தா செத்ததுதான் பாய். எந்திரிச்சு வந்தா எவன் பயப்படுவான்?" என்றார் மாஸ்டர்.

இப்போது தம்பியின் ஆள் ஆற்றங்கரையில் நின்றான். பசி ஏறிக்கொண்டிருந்தது.

"அவன் பேர்ல நீரே சாப்பிடுன்னு தட்டும் வே" என்றார் பாய்.

"அவன்லா தட்டணும்."

"அப்ப அவனுக்கு மட்டும் பசிய நிப்பாட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உம்ம ஆளுக்கு நிப்பாட்டலியே."

பிறகு மாஸ்டர், ஆட்டத்தில் சாவு எழுதியிருந்த பகுதியையே எல்லோருக்கும் சேர்த்து நிறுத்தினார்.

அதன்பின் யாரும் சாகவில்லை. புலி கடித்தாலும் மலையிலிருந்து விழுந்தாலும் எழுந்து நின்றார்கள். பையன்களுக்குக் கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது. "சாவே இல்லன்னா புலியக் கண்டு எதுக்கு மாஸ்டர் ஓடணும்?" என்று ஒருவன் கேட்டான். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் ஆளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டு வராமல் போனார்கள். பாய் மட்டும் வந்து, புது ஆள் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பார். பழையபடி மாற்றச் சொன்னார் மையத்தின் முதலாளி. மாற்றினால், ஏறிக் கிடக்கும் பசிக்குத் தம்பி அந்த நிமிஷமே சாவான். மாஸ்டர் மாற்றவில்லை.

இன்று என் பேரன் கைப்பேசியில் ஆடுகிறான். செத்த ஆள் உடனே எழுந்துவிடுகிறான். பேரன் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

கடைசியில் அந்த மையத்தை மூடினார்கள். கம்ப்யூட்டர்களை வாங்கியவர் வண்டியோடு கீழே நின்றார்.

"பிளாப்பியில எடுத்துக்கிடும்" என்றார் பாய்.

"எடுத்து எங்கன ஓட விட? என்கிட்ட கம்ப்யூட்டர் இல்லியே பாய்."

நான் சுவிட்சில் கை வைத்தேன். "பைய அமத்துலே" என்றார் மாஸ்டர். சுவிட்சை மெதுவாக அணைக்க முடியாது. காத்து நின்றேன். ஆட்டத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கடைசியாகத் தட்டிப் பார்த்தார்.

1.