வலது பக்கம் கம்மி

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் பாட்டுக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இயர்போனைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் இரண்டாவது கூட்டம். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் இயர்போன் பின் வாக்மேனில் சரியாகக் கவ்வியிருக்கிறதா, பஞ்சு நைந்துவிட்டதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு எப்போதும் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கால் தானாக அங்கேதான் போகும்.

அங்கே என்றால், டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடை. காலி கேசட்டும், வேண்டிய பாட்டுகளை எழுதிய துண்டுச் சீட்டும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். கடைக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. எங்கள் எல்லோருக்கும் அவர் பாய், அவருக்கு நாங்கள் எல்லோரும் தம்பி. முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இயர்போன்கள், அவற்றுக்கு மாட்டும் கறுப்புப் பஞ்சுகள், ஒரே வாக்மேனில் இரண்டு பேர் கேட்பதற்கான இரட்டைப் பின், சின்னப் பின்னைப் பெரிய பின்னாக்கும் பித்தளைக் குழாய் என்று சில்லறைச் சாமான்கள். பின்னால் ஆம்ப்ளிஃபையரும் பதியும் டெக்கும். ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் ஒருவர் வெளியே வர வேண்டும், கடை அவ்வளவுதான்.

மற்றக் கடைகளில் பாட்டை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாய் அப்படிச் செய்ய மாட்டார். பழைய இசைத்தட்டுகளில் சிலதில் ஒரு பக்கம் ஓங்கியும் மறுபக்கம் அடங்கியும் இருக்கும். அவர் பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் பேலன்ஸ் குமிழை இப்படி ஒரு மயிரிழை, அப்படி ஒரு மயிரிழை திருப்புவார். இரண்டு பக்கமும் சரிசமமாக நின்ற பிறகுதான் பதிவார். இதனால் ஒரு கேசட்டுக்கு ஒரு வாரம் ஆகும். அதற்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் நிலையாக இருந்தவர்கள் பாயைத் தவிர மூன்று பேர். பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்கத் துடிப்பவர். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த குடும்பத்துக்காரர் ஒருவர், சிங்கப்பூரில் இருந்த மாமன் தயவில் எங்களிடம் இல்லாத சாமான்களெல்லாம் வைத்திருந்தவர். மூன்றாவது நான், மதுக்கரை சிமெண்ட் ஆலையின் அலுவலகத்தில் வேலை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்றாலும் ஒருவரை ஒருவர் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். திட்டினாலும் அப்படித்தான்.

"உங்க செட்டு குப்பைங்க" என்பார் மாணவர்.

"இருக்கட்டுங்க. உங்க காதுக்கு அதே அதிகமுங்க" என்பார் காங்கேயத்துக்காரர்.

இந்த மரியாதையைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அது எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமைக்கு ஒரு முறை உண்டு. யாராவது புதுச் சாமான் கொண்டுவந்தால் அது வரிசையாகச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் தன் சொந்தப் பாட்டைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். மாணவருக்கு டிரம்ஸ் அதிரும் பாட்டு. காங்கேயத்துக்காரருக்கு ஒரு தாலாட்டு, அதில் பாடகி மூச்சு இழுப்பது கேட்க வேண்டும் என்பார். எனக்கு மழைப் பாட்டு ஒன்று. எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கடைசியாகப் பாய் கேட்பார். அவருடைய பாட்டில் இடது பக்கம் ஒரு புல்லாங்குழல் கேள்வி கேட்கும், வலது பக்கம் வயலின்கள் பதில் சொல்லும். அது அவர் பதிந்ததில்லை, கம்பெனி விற்கிற கேசட். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு "நல்லாருக்குதுங்க" என்றால் அது நல்ல சாமான். உதட்டைப் பிதுக்கினால் அதன் கதை முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

ஒரு வருஷம் ஆடி மாதத்தை ஒட்டி, என் இயர்போனில் வலது பக்கம் கம்மியாகக் கேட்பதுபோல் இருந்தது. பஞ்சை மாற்றினேன். பிறகு பின்னை மாற்றினேன். சரியாகவில்லை. கடையில் சொன்னபோது மாணவர், "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது" என்றார். காங்கேயத்துக்காரருக்கும் அதே குறைதான், ஆனால் சிங்கப்பூர்ச் சாமானுக்குக் குறை என்று சொல்ல மனசு வரவில்லை. அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் இருந்தது. பின்னில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும்.

"எங்க மில்லுல ஆட்டுனதுங்க. தடவிப்போட்டு கேளுங்க, பாட்டு வழுக்கிட்டு வரும்."

"எண்ணெய்ல கரண்ட் போவாதுங்க" என்று மாணவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் பின்னும் மினுமினுத்தது.

மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினோம். ஒயரை வாக்மேன் மேல் சுற்றி வைப்பதால்தான் உள்ளே அறுந்துபோகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அப்புறம் சுற்றாமல் மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் பாயிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம். அவர் தான் பதிந்த கேசட் ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் சரியாத்தானுங்க கேக்குது" என்பார். அந்த மாதங்களில் பஞ்சுக்கு அவர் காசு வாங்கவில்லை. பழக்கத்துக்காக என்று நினைத்துக்கொண்டோம்.

பாய்க்குச் சரியாகக் கேட்கிறது, எங்களுக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் எங்கள் காதில்தான் கோளாறு. வேறு யாராக இருந்தாலும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். நான் யோசித்தேன். ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் சத்தம் அலுவலகம் வரைக்கும் வரும், அதில்தான் வலது காது போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, லீவு போட்டுக் காது டாக்டரிடம் போனேன். அவர் அதிரும் கம்பி ஒன்றைக் காதருகே பிடித்துப் பார்த்தார். காதிலிருந்து அழுக்கு எடுத்தார். எடுத்ததை எனக்கும் காட்டினார்.

"காது அருமையா இருக்குதுங்க. உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரென்று சொல்வது? மாத்திரைகூட எழுதிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

மறுநாள் மதுக்கரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இயர்போனை மாட்டியதில் இடம் வலமாக மாறிப் போயிற்று. பாய் பதிந்த கேசட்தான் ஓடியது. இப்போது இடது காதில் கம்மியாகக் கேட்டது. குறை காதில் இல்லை என்பது குனியமுத்தூர் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு கம்பெனி கேசட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் சமம். பாய் சில வருஷங்களுக்கு முன் பதிந்து கொடுத்ததைப் போட்டேன். அதுவும் சமம். சமீபத்தில் பதிந்தவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் ஓங்கியிருந்தது, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். குமிழைத் திருப்பியது அவர் கை. தன் இடது காதுக்குப் பத்தவில்லை என்று திருப்பியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போவதற்கு முன்னால் மற்ற இருவரையும் ஒரு பேக்கரியில் உட்காரவைத்துச் சொன்னேன். இருவரும் ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்தார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. காங்கேயத்துக்காரர் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

"காது போச்சுன்னு எப்படிங்க சொல்றது? அவுரு பொழப்பே அதுதானுங்க" என்றார்.

"சொல்லலைன்னா வர்றவங்க ஒவ்வொருத்தரா நின்னுபோயிருவாங்களே" என்றார் மாணவர்.

கடைசியில் மெஷின் மேல் பழியைப் போடுவது என்று முடிவாயிற்று. டெக்கில் நாடா உரசுகிற ஹெட் தேய்ந்திருக்கும்போலத் தெரிகிறது என்று மாணவர் பக்குவமாகச் சொன்னார். பாய் மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த வாரமே புது ஹெட் மாற்றி, ஒரு கேசட் பதிந்து வைத்திருந்தார். "கேட்டுப்போட்டுச் சொல்லுங்க தம்பி." கேட்டோம். வலது பக்கம் அதே கம்மி. "இப்பப் பரவால்லீங்க பாய்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எனக்கு எங்கள் மேலேயே எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை காங்கேயத்துக்காரர் ஒரு புது ஹெட்போன் கொண்டுவந்தார். மாமன் அனுப்பியது. காதை முழுசாக மூடும் மெத்தை வைத்தது. வழக்கம்போல் சுற்றி வந்தது. மூவரும் கேட்டோம், வாய் திறக்கவில்லை. பாய் வாங்கித் தன் கம்பெனி கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு கழற்றி, இடது வலதாகத் திருப்பி மறுபடி மாட்டிக்கொண்டார். பாட்டை முதலிலிருந்து வைத்தார். அலமாரி மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

கழற்றி வைத்தார்.

"குழல் இப்பத்தானுங்க கேக்குது. வயலினக் காணோம்."

எனக்குத் தாங்கவில்லை. "பாய், அது மெஷின் இல்லீங்க" என்றேன்.

"தெரியுமுங்க தம்பி" என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "போன வருஷமே டாக்டரு எடது காதுல நரம்பு போச்சுன்னுட்டாரு. நீங்க வலது பக்கம் கம்மிங்கறப்பல்லாம் எனக்குத் திக்குன்னு இருக்கும். அப்பறம் நீங்களே பஞ்சும்பீங்க, பின்னும்பீங்க. சரி, கேசட்டுக்கு ஒண்ணும் ஆகல போலிருக்குதுன்னு மனசத் தேத்திக்குவேன். ஹெட்டு மாத்தினப்போ பரவால்லைன்னீங்க. உங்க காத நம்பித்தானுங்க இருந்தேன்."

நாங்கள் அவர் காதை நம்பிப் பஞ்சையும் பின்னையும் மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் எங்கள் காதை நம்பிக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு தரப்பிலும் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

காங்கேயத்துக்காரர் ஹெட்போனை அங்கேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். பாய் அதைப் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் அமுங்காமல் இருக்கச் சுற்றிலும் காகிதம் திணித்து, அவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் போனபோது பேலன்ஸ் குமிழ் நடுவில் நின்றது. அசையாமல் இருக்க அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்துபோன கேசட்டுகளையெல்லாம் கொண்டுவாருங்கள், திரும்பப் பதிந்து தருகிறேன் என்றார். வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே சொன்னார், ஏன் என்பதையும் சேர்த்து. சிலர் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு கேசட்டுக்கு இப்போது ஒரு வாரம் ஆகவில்லை, மறுநாளே கிடைத்தது. நான் ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்ப வாங்கும்போது ஒன்றைப் போட்டுக் கேட்கச் சொன்னார். என்னுடைய மழைப் பாட்டுதான் முதலில் இருந்தது. பழைய இசைத்தட்டில் இருந்தபடியே, வலது பக்கம் கொஞ்சம் ஓங்கி, இடது பக்கம் கொஞ்சம் அடங்கி வந்தது. பக்கத்துத் தெருக் கடையில் பதிந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

"இப்பச் சரியா இருக்குதுங்களா தம்பி?"

எதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற மனிதர் அவர். அன்றைக்குப் பாட்டு முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.