சிலுவை ஆறு, மெழுகுதிரி ஏழு

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று நாற்பது. காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது, வாடைக்காற்று விடவில்லை. கரம்பொனில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையடியில், முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு நின்றேன். எழுபத்தொன்பது வயதில் தடிமன் பிடித்தால் நெஞ்சில் இறங்கிவிடும் என்ற பயம் வேறு.

நான் தேடிப் போனது என் அப்பாவின் தகப்பனை. அவர் முகத்தை எங்களில் யாரும் கண்டதில்லை. அப்பாவே கண்டதாக நினைவில்லை. புளியங்கூடலில் தாய்மாமன்மார்தான் தாயில்லாத அப்பாவை வளர்த்தார்கள். தகப்பன் கடலோடு போய்விட்டான் என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொன்னதில்லையாம்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா’ என்று ஒரு கூடு உண்டு. அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அப்பா அந்தக் கடதாசியை ஒருவருக்கும் காட்டமாட்டார். ஆனால் அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையின் சிறிய தகப்பன் எப்படியோ அதைப் பார்த்துவிட்டார். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்த பிறகு எல்லாம் நின்றது. அதன்பின் வந்த எந்தப் பேச்சுக்கும் அக்கா சம்மதிக்கவில்லை. என் மனைவி இறந்தபிறகு நல்லூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அக்காவுக்கு எண்பத்து மூன்று.

அப்பாவின் தாய் தகப்பனுடைய விவாகப் பதிவை எப்படியும் எடுத்துவிட வேண்டும் என்று நான் புறப்பட்டபோது அக்கா சொன்னார்: “செத்தவையின்ரை கலியாணத்தை இப்ப எழுதுவிச்சு, எனக்கோ மாப்பிள்ளை பாக்கப் போறாய்?” ஆனால் ஒவ்வொரு முறையும் நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “கிடைச்சுதோ?” என்பார்.

கிடைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் வள்ளிப்பிள்ளை, தகப்பன் பெயர் நாகமணி. காணி உறுதிப் பத்திரத்தில் அவர் கதிரன் நாகன். அப்பாவின் பள்ளிக்கூட இடாப்பில் நாகலிங்கம். மூன்று பெயரிலும் காசு கட்டித் தேடுவித்தேன். ஊர்காவற்றுறைப் பதிவுக் கந்தோருக்கு மட்டும் ஒன்பது தடவை பஸ் ஏறினேன். மூன்று பெயருக்கும் பதிவு இல்லை என்ற பதில்தான் வந்தது.

கடைசியில், மாமன்மார் வழியில் எஞ்சியிருந்த ஒரு கிழவர் புளியங்கூடலில் சொன்னார்: “நீர் நாகனைத் தேடினா எப்பிடிக் கிடைக்கும்? அவர் வேதத்துக்கு மாறினவர். கரம்பொனிலை கபிரியேல் எண்டு கேட்டுப் பாரும்.” சைவக்காரர் என்ற நினைப்பிலேயே தேடிக்கொண்டிருந்த எனக்கு, அவர் கிறிஸ்தவராகியிருப்பார் என்று தோன்றவே இல்லை.

அப்படித்தான் அந்தப் படலைக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு எழுபது வயது கடந்திருக்கும். கடல் தொழிலை விட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு எங்கோ புறப்பட நின்றார். பின்னால் மனைவியும் மகளும் பூவும் கையுமாக.

“ஆரைத் தேடுறியள் ஐயா?”

“கபிரியேல் எண்டவர்...”

“அவர் என்ரை அப்பப்பா. செத்து அறுவது வருசத்துக்கு மேலை. நீங்கள் கொஞ்சம் சுணங்கிப்போனியள்” என்று சிரித்தார். “இண்டைக்கு ஆத்துமாக்களின்ரை நாள். நாங்கள் சேமக்காலைக்கு வெளிக்கிடுறம். வாங்கோ, அவரையும் பாத்தமாதிரி. வந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்.”

வந்த காரியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காணியில் பங்கு கேட்க வந்தவன் என்று நினைத்துவிட்டால்? பேசாமல் பின்னால் நடந்தேன்.

சேமக்காலையில் ஊரே நின்றது. ஈர மணலில் கல்லறைகளுக்கு நடுவே எங்கும் மெழுகுதிரி. எதைக் கண்டாலும் எண்ணுவது என் பழக்கம். பஸ்ஸில் ஏறினால் கதிரைகளை எண்ணுவேன். அந்தக் குடும்பத்தின் சிலுவைகளை எண்ணினேன், ஆறு. அவர்கள் ஏற்றிய மெழுகுதிரிகளை எண்ணினேன், ஏழு. பிழைவிட்டேனோ என்று திரும்பவும் எண்ணினேன். கபிரியேல் என்று எழுதிய சிலுவைக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில், காற்றுப் படாமல் ஒரு சிரட்டைக்குள் அந்த ஏழாவது திரி எரிந்தது.

“இது ஆருக்கு?” என்றேன்.

“அது அவவுக்கு” என்றார் வீட்டுக்காரரின் மனைவி. “கபிரியேல் அப்புவுக்கு முதல் சோறு குடுத்த மனிசிக்கு.”

அந்தக் காலத்தில் வசதியில்லாத வீடுகளில் கல்யாணம் என்றால் அவ்வளவுதான். நாலு சொந்தக்காரர் கூடியிருக்க, பெண் தன் கையால் சமைத்துச் சோறு போடுவாள், மாப்பிள்ளை சாப்பிடுவான். அன்றிலிருந்து புருஷன் பெண்சாதி. சோறு கொடுத்தல் என்பார்கள். கந்தோருக்குப் போவதுமில்லை, கையெழுத்துமில்லை. இதை நானும் கேள்விப்பட்டவன்தான். எங்கள் வீட்டுக் கதையும் அதுவாக இருக்கும் என்று யோசிக்கவில்லை.

வீட்டுக்காரர் தொடர்ந்தார். “அவ பிள்ளைப்பேறிலை செத்துப்போனாவாம். பெடியன் ஒண்டு இருந்தது, மாமன்மார் வைச்சுக்கொண்டினம். இவர் வேதத்துக்கு மாறின பிறகு படலைக்குள்ளையும் விடேல்லையாம். வேதக்கோயிலிலை எங்கட அப்பம்மாவை முடிக்கேக்கை, ‘பிரமச்சாரி எண்டு சொல்லிவிடும், சோலியில்லை’ எண்டு பொம்பிளை பகுதி சொன்னதாம். அப்பு மாட்டன் எண்டிட்டார். ‘நான் சோறு வாங்கித் திண்டவன், பெண்சாதி செத்தவன்’ எண்டுதான் சொன்னவராம். தனக்கு ஒரு திரி ஏத்தினா அவவுக்கும் ஒண்டு ஏத்த வேணுமெண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவர். என்ன, அவவின்ரை பேர்தான் எங்களுக்குத் தெரியாது.”

“வள்ளிப்பிள்ளை” என்றேன். “அந்தப் பெடியன் என்ரை அப்பா.”

காற்று அந்தத் திரியை அணைத்துவிட்டது. அவர் குனிந்து, இரண்டு கையாலும் மறைத்து அதைத் திரும்பவும் கொளுத்தினார். “வள்ளிப்பிள்ளை” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். திரும்பவும் தூறத் தொடங்க, என் குடையை வாங்கி விரித்து, “நனையாமல் இஞ்சாலை வாங்கோ அண்ணை” என்றார். ஐயா அண்ணையாகிவிட்டதை நான் வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அன்றிரவு அக்கா வழக்கம்போல “கிடைச்சுதோ?” என்றார். எல்லாம் சொன்னேன். “சோத்தோடை என்ன கறியாம்?” என்று கேட்டார்.

கேட்கவில்லை என்றேன்.

“அதைக் கேக்காமலோ வந்தனீ?”

அடுத்த வருடம் அதே நாளில் அக்காவும் வந்தார். கால் ஏலாது, மணலில் நடக்க ஏலாது என்று நான்தான் மறித்தேன், கேட்கவில்லை. சேமக்காலையில் சிரட்டைக்குள் திரியை வைத்துக் கொளுத்தியதும் அவர்தான்.

சான்றிதழில் அந்த ‘இல்லை’ இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது சினம் வருவதில்லை; எழுதியவர் பதிவைக் கேட்டார், வீட்டார் உள்ளதைச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. தேடுகூலி, பஸ், முச்சக்கரவண்டி, காற்றில் முறிந்த ஒரு குடை எல்லாம் சேர்த்து எனக்குச் செலவு பதினாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய். அக்கா ஏற்றிய மெழுகுதிரியின் காசு இதில் இல்லை. அதை என்னைக் கொடுக்கவிடாமல் தன் மடியிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.