யோகராஜா மட்டமாக்கிய மேடு

சுவிஸ் நகரான ஷ்லீரனில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. ஸ்டேடியம் என்று கழகத்தார் பெருமையடிப்பார்கள். உள்ளது உட்கார நாலு மரவாங்குகளும் ஒரு தகரக் கொட்டிலும். எண்பத்திரண்டில் முதல் ஆட்டத்திலேயே பந்து பக்கத்துத் தொழிற்சாலைக் கண்ணாடியை உடைத்தது. இன்னொரு வருடம் ஆட்டத்தின் நடுவில் பனி கொட்டிவிட, வெள்ளைப் பந்தை எல்லோரும் காலால் தடவித் தேடினார்கள். எண்பத்தாறில் நடந்த கூத்துக்கு மட்டும் யோகராஜாதான் பொறுப்பு.

அகதி விசாரணை முடியாத யோகராஜாவுக்கு அலைந்து திரிந்து கிடைத்த முதல் வேலை, அந்த மைதானப் பராமரிப்பு. இது போனால் மறுபடி முகாம் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஆனால் அந்த ஆட்டம் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அடித்தவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான். ஓடியவன் பாதி வழியில் நின்றுவிடுகிறான். அதற்கும் கைதட்டுகிறார்கள்! யாரிடம், எந்தப் பாஷையில் கேட்பது?

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள், கழகத் தலைவர் ருவேடி தரையை நன்றாகச் செய்து வைக்கும்படி பாதி ஜெர்மனிலும் பாதி சைகையிலும் சொல்லிப் போனார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் தரை அமைத்தவனுக்கு அது தெரியாதா? நட்டநடுவில் துருத்திக்கொண்டிருந்த மண்மேடு வந்த நாளிலிருந்தே அவன் கண்ணை உறுத்தியது. பந்து எறிபவன், பாவம், அதில் ஏறி நின்றல்லவா அவதிப்படுகிறான்! மேட்டை வெட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, பாய் விரித்ததுபோல் ஆக்கினான். அதில் பதிந்திருந்த வெள்ளைப் பலகையையும் கழுவிக் கொட்டிலில் வைத்தான்.

மறுநாள் இரண்டு அணிகளும் மேடு இருந்த இடத்தைச் சுற்றி நின்றன. ஆட்டம் பார்க்க வந்திருந்த நண்பன் சிவமணி, ஜெர்மன் தெரிந்தவன், ஓடி வந்தான்.

"என்ன வேலை பாத்தனீங்கள் அண்ணை! அது வேணுமெண்டு கட்டின மேடு. அதில நிண்டுதான் எறியிறது."

"எறியிறவனுக்கு என்னத்துக்கடா மேடு? நிலம் மட்டமா இருக்கவேணுமெல்லோ?"

"அது கிரிக்கெட்டுக்கு!"

ருவேடி கையை நீட்டிக்கொண்டு வந்தார். வேலை போய்விட்டது என்றெண்ணி யோகராஜா கொட்டில் சாவியை நீட்டினான். அவர் சாவியைத் தொடவில்லை. அவன் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து மேட்டுக்கு மண் வெட்டத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் சிரித்தபடி வாளிகளில் மண் சுமந்தார்கள். திட்டாமல் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

ருவேடி சொன்னதைச் சிவமணி தமிழில் சொன்னான்: "இப்பிடி ஒரு தரையை இந்த மைதானம் கண்டதில்லையாம். மேட்டையும் நீங்கள்தான் இறுக்கிக் குடுக்கவேணுமாம்."

"அப்ப என்ர வேலை?"

"இது வேலையில்லாமல் என்னண்ணை?"

யோகராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்ணை மிதித்தான். எறிபவனுக்கு எதற்கு மேடு என்பது மட்டும் அப்போதும் விளங்கவேயில்லை.