இரண்டு அடுப்புக்காரர்

வேலி இடைவெளிக்கு வந்ததும் மாத்துரேன் நின்று, கையிலிருக்கும் மூடி போட்ட இரும்புச் சட்டியைப் பனியின்மேல் வைப்பார். தலையிலிருக்கும் சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகுவார். சட்டைக்குள்ளிருந்து நீலத் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். சட்டிக்குள் அவர் வீட்டு அடுப்பின் கங்கு. ஐந்தாறு நிமிஷத்தில் அந்த வீட்டுக் கூரையிலும் புகை எழும்பும். ஆற்றிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு வீடு, இரண்டு அடுப்பு, இரண்டு ஆள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் கரையில் நிலமெல்லாம் ஒரே மாதிரி. ஆற்றைப் பார்த்த முகம் குறுகல்; முதுகு காட்டுக்குள் ஒரு மைல் போகும். இப்படி அடுத்தடுத்து முப்பத்திரண்டு பட்டைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு வீடு. கனடா முழுக்க ஆற்றங்கரையில் இதே கதைதான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆசீர்வாதம் சொல்லலாம். நிலம் ஜமீன்தாருடையது. காட்டை வெட்டி உழுகிறவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மகன், பேரன் என்று அது போகும். ஒரே நிபந்தனை, கொடுத்த நிலத்தில் குடியிருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். ஒரு வருஷமும் ஒரு நாளும் எரியாமல் கிடந்தால் ஜமீன் திருப்பி எடுத்துக்கொள்ளும். எங்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பத்திரத்தில் இந்த ஒரு வரி எல்லாருக்கும் மனப்பாடம்.

நீலத் தொப்பி மாத்துரேனின் தம்பி ஜெர்வேயுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் பிரான்சிலிருந்து வந்தவர்கள். மூன்று வருஷம் ஒருவரிடம் கூலிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்துவிட்டு, ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளை எழுதி வாங்கினார்கள். ஒன்பது வருஷம் முன்னால், ஆற்றில் பனிக்கட்டி உடைந்த மறுநாள், ஜெர்வே ஏரிகளுக்கு அப்பால் பீவர் என்கிற நீர்விலங்கின் தோல் வாங்கப் போகிற படகில் ஏறிவிட்டான். அடுத்த வருஷம் வந்த படகுக்காரர்கள் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம் வந்தவர்கள், அவன் பெயரைக் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் கேட்கவில்லை. மாத்துரேனும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் இரண்டு ஆள். காலையில் பட்டாணிக் கஞ்சி தன் வீட்டில். மத்தியானம் ரொட்டியும் உப்பு விலாங்கும் தம்பி வீட்டில். இரண்டு கோடாலி, இரண்டு பீப்பாய். புகையிலை என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்தால் தம்பியின் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுவார். சிவப்புத் தொப்பியில் இருக்கும்போது வேலியைக் காட்டி, "பாரு, அவன் பங்கு வேலிய எப்பிடிக் கட்டியிருக்கான்! சோம்பேறிப் பய," என்று என்னிடம் புலம்புவார். முந்தின நாள் நீலத் தொப்பியோடு அதைக் கட்டியவர் அவரேதான்.

அந்த விளையாட்டை முதலில் ஆரம்பித்தவள் நான். என் வாய் சும்மா இருக்காது; ஜில்லெத் என்றாலே வாயாடி என்பார்கள். ஜெர்வேயின் பட்டைக்கு அந்தப் பக்கம், மூன்றாவது பட்டை எங்களுடையது. ஒரு நாள் அவர் நீலத் தொப்பியோடு விறகு பிளக்கும்போது வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன ஜெர்வே, உங்க அண்ணன எங்க காணோம்?" என்று கத்தினேன். கோடாலியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "அவனா? உள்ள உக்காந்து யாரையாவது திட்டிக்கிட்டு இருப்பான். வேற என்ன வேலை அவனுக்கு?" என்றார். கரை முழுக்க அது பரவிவிட்டது. என் மகள் பெரீனுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். அவள் சின்ன வயசிலிருந்தே சிவப்புத் தொப்பியைப் பெரியப்பா என்பாள், நீலத் தொப்பியைச் சித்தப்பா என்பாள். மேப்பிள் சர்க்கரைக் கட்டி வேண்டுமென்றால் சித்தப்பாவிடம்தான் போவாள். "பெரியப்பா கஞ்சன்மா, ஒண்ணும் குடுக்கமாட்டாரு," என்பாள். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் ஞாபகமிருக்கிறது.

மே முதல் நாள் குடிகளெல்லாம் சேர்ந்து, பட்டை உரித்த உயரமான ஊசியிலை மரம் ஒன்றை ஜமீன் வீட்டு வாசலில் நட வேண்டும். உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை விட்டுவைப்போம். பிறகு ஒவ்வொரு நிலக்காரனாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் முன்னால் வந்து, குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் போட்ட துப்பாக்கியால் மரத்தைச் சுட வேண்டும். மரம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு மரியாதை. மாத்துரேன் தன் பெயருக்கு ஒரு வெடி வெடிப்பார். ஜெர்வேயின் பெயர் வந்ததும் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கித் தொப்பியை மாற்றிக்கொண்டு வந்து இன்னொரு வெடி. பழைய ஜமீன்தார் நாற்காலியில் உட்கார்ந்து, "ஜெர்வே, வயசாயிடுச்சுப்பா உனக்கு," என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அவர் தயவில்தான் அந்த நிலம் இத்தனை வருஷம் நின்றது.

மாத்துரேன் ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். இலையுதிர் காலத்தில் நாங்கள் இருவரும் ஆற்றங்கரையில் விலாங்கு அறுத்துக்கொண்டிருந்தோம். ஜெர்வேயின் நிலத்தில் தண்ணீர் தேங்கும். அண்ணன் நிலத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் அது ஆற்றுக்கு ஓடிவிடும். தம்பி இரண்டு வருஷம் கேட்டிருக்கிறான். தன் கோதுமை கெட்டுப்போகும் என்று இவர் விடவில்லை. மூன்றாம் வருஷம் தம்பியின் விதையெல்லாம் அழுகிப் போயிற்று. வேலியோரம் பெரிய சண்டை. "அப்ப நான் போறேன்னான். போ, போய்த் தொலைன்னு சொன்னேன்," என்றார் மாத்துரேன். கத்தியை வழித்துத் துடைத்துவிட்டு, "அவன் போன அடுத்த வருஷம் அந்த வாய்க்கால நானே வெட்டிட்டேன். ஒரு நாள் வேலை, ஜில்லெத். ஒரே ஒரு நாள் வேலை," என்றார். நான் அடுத்த விலாங்கை எடுத்து அறுத்தேன்.

போன குளிர்காலத்தில் பழைய ஜமீன்தார் இறந்துபோனார். பட்டத்துக்கு வந்த மருமகன் புதுக் காரியஸ்தர் ஒருவரை வைத்தார். மார்ச் மாதம், உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டி ஓட்டிக்கொண்டு அவர் வீடு வீடாக வந்தார். ஜெர்வே வீட்டுக்குள் அவர் நுழையும்போது நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் நின்றோம். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. காரியஸ்தர் அதைப் பார்க்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய் வைக்கோல் மெத்தையைத் தூக்கினார். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

"அடுப்பு எரியுது, சரி. யாருக்கு எரியுது?" என்றார்.

மாத்துரேன் நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மே முதல் நாள் ஜெர்வே வந்து மரத்துக்கிட்ட நிக்கணும். இல்லையா, செத்துட்டான்னு மாதாகோயில் சாமியார் முன்னாடி நீ சத்தியம் பண்ணு. வேற வாரிசு கிடையாது, நிலம் உனக்கே வந்துடும். ரெண்டும் இல்லன்னா ஜமீன் எடுத்துக்கும். இதுல எனக்கு ஒண்ணும் கோபமில்ல, புரியுதா?"

கோபம் இல்லைதான். நியாயமாகவே பேசினார். வெளியே வந்து கையுறையை மாட்டிக்கொண்டே எங்களிடம், "எடுத்துக்கிட்டா, இந்தப் பட்டைக்கு ஆள் யாராவது இருக்கா?" என்று கேட்டார். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஈஸ்டர் முடிந்ததும் பெரீனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எலுவாவுக்கு எங்கள் கரையில் நிலமில்லை. ஆற்றில் மேலே இரண்டு நாள் பயணம் போய், ஆளரவமில்லாத காட்டை வெட்டித்தான் குடித்தனம் பண்ண வேண்டும். முதல் பிரசவத்துக்குக்கூட என்னால் போய்ச் சேர முடியாது. நான் என் வீட்டுக்காரர் விலாவில் இடித்தேன். "எங்க பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்காங்க," என்றார் அவர். உள்ளே மாத்துரேன் அடுப்பில் விறகு வைக்கிற சத்தம் கேட்டது.

மூன்று வாரம் அந்த வேலிப் பக்கமே நான் போகவில்லை. பனி உருக ஆரம்பித்த ஒரு காலையில் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் வெட்டிய அந்த வாய்க்காலில் தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சேறு அள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. செத்துட்டான்னு சொல்லிட்டுப் போங்களேன். நிலம் உங்ககிட்டயே இருக்கும். எங்களுக்கு வேணாம்."

"உங்களுக்கு வேணும். எம் பொண்ணுக்கு வேணும்."

"அவ எங்கயாவது பிழைச்சுக்குவா. ஒன்பது வருஷமா ரெண்டு மாடு மாதிரி உழைச்சிருக்கீங்க. யாருக்காக? ஊரு பூராவும் தெரியும்ண்ணே, அவன் இனிமே..."

"ஊருக்குத் தெரியும்னா ஊரு சொல்லட்டும்."

"ஊரு சொன்னா செல்லாது. நீங்க சொல்லணும்."

மண்வெட்டியைக் கீழே வைத்தார். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவ சொன்னேன் ஜில்லெத். போய்த் தொலைன்னு சொன்னேன். போனான், தொலைஞ்சான். எம் வாய்க்கு அவ்வளவு பலம் இருக்கு. இன்னொரு தடவ அவனப் பத்திச் சொல்ல எனக்குத் தைரியமில்ல."

நான் எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

மே முதல் நாள் மரம் நட்டோம். காற்று பலமாக அடித்தது. மரத்தை நிமிர்த்தவே பத்துப் பேர் வேண்டியிருந்தது. மாத்துரேன் பெயர் வந்தது. முன்னால் போய் வெடித்துவிட்டு, புகைக்குள்ளிருந்து திரும்பி வந்து எங்களோடு நின்றார். அடுத்து ஜெர்வேயின் பெயர். எல்லார் தலையும் பின்னால் திரும்பியது. அவர் ஒதுங்கவில்லை. நீலத் தொப்பி சட்டைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஜெர்வே!" என்று இரண்டாம் முறை கூப்பிட்டார் காரியஸ்தர். பிறகு மாத்துரேனைப் பார்த்து, "செத்துட்டானா?" என்று கேட்டார். குரலை நன்றாகத் தாழ்த்தித்தான் கேட்டார். சாமியாரும் பக்கத்தில் வந்து நின்று, தலையை ஆட்டி, சொல் என்பதுபோல் கண்காட்டினார். ஒரே ஒரு தலையசைப்பு போதும். அவர் வெட்டிய மரங்கள், தோண்டியெடுத்த வேர்க்கட்டைகள், அந்தக் கோதுமை, அந்த வாய்க்கால் எல்லாம் அவருடையதாகிவிடும். சொல்லிவிடுங்கள் அண்ணே என்று என் மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமல் இருந்தால் என் மகள் பக்கத்தில் இருப்பாள் என்றும் அதே மனசுதான் சொன்னது.

"இங்க இல்ல," என்றார் மாத்துரேன்.

காரியஸ்தர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, நிலம் ஜமீனுக்கு என்று எழுதிக்கொண்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

போன திங்கட்கிழமை பெரீனும் எலுவாவும் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். காலையிலிருந்து குளிர்ந்த தூறல். ஒரு பெட்டி, ஒரு மெத்தை, ஒரு ஆட்டுக்குட்டி, அவ்வளவுதான் சாமான். அடுப்பைப் பற்றவைக்க எலுவா சிக்கிமுக்கிக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாசலில் மாத்துரேன் வந்து நின்றார். தலையில் நீலத் தொப்பி, கையில் இரும்புச் சட்டி.

"கல்லெல்லாம் வேணாம் மாப்பிள்ள," என்றார். "இது அணைஞ்சதே இல்ல. இதுலயே பத்தவைங்க."

மண்டியிட்டு உட்கார்ந்து கங்குகளை அடுப்பில் கொட்டி, ஊதி, சுள்ளி வைத்து, புகை மேலே போகிறதா என்று பார்த்துக்கொண்டார். பெரீனிடம், மேற்குக் காற்று அடித்தால் அடுப்பு புகையும், அப்போது கதவைக் கொஞ்சம் திறந்து வை என்றார். பின்பக்கம் வாய்க்காலில் இலை அடைக்கும், வாரம் ஒரு தடவை எடுத்துவிடு என்றார். பெரீன் அழுதுகொண்டே தலையாட்டினாள். எழுந்து கதவுப் பக்கம் போனார். சுவரில் இருந்த மர முளையில் நீலத் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

"இந்த முளையில மட்டும் வேற எதையும் மாட்டாதம்மா. வந்தான்னா முதல்ல தொப்பியத்தான் தேடுவான். கொஞ்சம் கஞ்சி ஊத்திக் குடு. அப்புறம் எனக்கு ஆள் அனுப்பு."

"சரி..." என்று ஆரம்பித்த பெரீன், வெறுந்தலையைப் பார்த்து, பெரியப்பா என்பதா சித்தப்பா என்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் தூறலில் இறங்கி நடந்தார். காலிச் சட்டி கையில் ஆடியது. வேலி இடைவெளிக்கு வந்ததும் நின்று, சட்டியைக் கீழே வைத்தார். பழக்கத்தில் கை மேலே போயிற்று. அங்கே கழற்றத் தொப்பி எதுவும் இல்லை. நனைந்த முடியின்மேல் கையை வைத்தபடி, எந்தப் பக்கமும் போகாமல் வெகுநேரம் அங்கேயே நின்றார்.