கேட்டல் தேர்வும் அடிக்காத மணியும்

மன்னார்குடிப் பக்கம் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். நான் இட்ட மதிப்பெண்ணை எவரும் மறுத்ததில்லை. ஆகவே பிளஸ் ஒன் மாணவர்களின் ஆங்கிலக் கேட்டல் தேர்வுக்கு என்னை அழைத்தார்கள். நான் பத்தியை வாசித்துக் கேள்வி கேட்பேன். ஒவ்வொருவராக வந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு அறுவடை இயந்திரங்கள்கூட வயலில் ஓசையின்றி ஓடுவதாக எனக்குத் தோன்றியது. காரணத்தை நான் யோசிக்கவில்லை.

முதலில் வந்த எட்டுப் பேரும் மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். பதில் தெரியாமல் முணுமுணுக்கிறார்கள் என்று பூஜ்ஜியம் இட்டேன். ஒன்பதாவதாக வந்த மாணவிக்கும் அவள் கண்ணெதிரிலேயே இட்டேன்.

அவள் நகரவில்லை. வாயிலிருந்து கையை இறக்கினாள். உதட்டசைவைப் பார்த்த பிறகே அவள் பேச்சு எனக்குப் புரிந்தது.

"அஞ்சு கேள்விக்கும் பதில் சொன்னேங்க சார். வெளியில பெல் அடிக்குதே, அது கேக்குதுங்களா?"

"நன்றாகக் கேட்கிறது," என்றேன்.

"பெல் அடிக்கலைங்க சார்."

அவளை மறுபடி சொல்லவைத்து, முழு மதிப்பெண் இட்டேன். மற்ற எட்டுப் பேரையும் திரும்ப அழைத்தால் காரணம் சொல்ல நேரும். அழைக்கவில்லை. கையெழுத்திட்டு உறையை ஒட்டும்வரை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்பார்வை மங்கியதால் நான் தேர்வுப் பணியை விட்டதாக ஊரில் சொல்கிறார்கள். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.